தலைக்கு 17 டாலர்: நோபிள்ஸ் கவுண்டியில் கொரோனா நிவாரணம் சென்ற வழி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தென்மேற்கு மூலையில், அயோவா எல்லையை ஒட்டிக் கிடக்கிறது நோபிள்ஸ் கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. மக்கள்தொகை 22,000 சொச்சம். அவர்களில் சுமார் 14,000 பேர் தலைநகரான வொர்திங்டனில் வசிக்கிறார்கள். ஊரை விட்டு வெளியே வந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மக்காச்சோளமும் சோயாவும்தான். வயல்களுக்கு இடையே நீள நீளமான தாழ்ந்த கொட்டகைகள் நிற்கும். இந்தப் பகுதியில் ஒரு கொட்டகைக்கு 2,400 பன்றிகள் என்பது சாதாரணக் கணக்கு. அந்தப் பன்றிகள் போய்ச் சேரும் இடங்களில் முக்கியமானது வொர்திங்டனிலேயே இருக்கும் ஜேபிஎஸ் நிறுவனத்தின் இறைச்சி ஆலை. நாளொன்றுக்கு 20,000 பன்றிகளை அறுக்கும் ஆலை அது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். ஸ்பானிஷ், கரேன், லாவோ, ஒரோமோ, அம்ஹாரிக் என்று அவர்கள் வீடுகளில் பேசும் மொழிகள் பல.

2020 ஏப்ரல் 20 அன்று அந்த ஆலை மூடப்பட்டது. கொரோனா தொழிலாளர்களிடையே பரவிவிட்டது. சுமார் நூறு கிலோமீட்டர் மேற்கே, சூ ஃபால்ஸ் நகரில் இருந்த ஸ்மித்ஃபீல்டு ஆலை அதற்கு முந்தைய வாரமே நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து அயோவாவின் வாட்டர்லூவில் டைசன் ஆலையும் நின்றது. ஒரு வட்டாரத்துப் பன்றிகள் அத்தனைக்கும் ஒரே வாரத்தில் வாசல் அடைபட்டது.

அடுத்த மூன்று ஆண்டுகளில் மத்திய அரசின் நிவாரணப் பணம் இதுபோன்ற கவுண்டிகளுக்குத் தவணை தவணையாக வந்தது. நஷ்டம் எந்த வழியாக வந்தது, பணம் எந்த வழியாகப் போனது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இரண்டும் ஒரே வழியில் போகவில்லை என்பது என் முடிவு. அதற்கான காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. எதை எண்ணுவது சுலபமோ அதற்குப் பணம் கொடுத்தார்கள்.

பன்றி காத்திருக்காது

நெல்லைக் குதிரில் போட்டு வைக்கலாம். மக்காச்சோளத்தைக் களஞ்சியத்தில் ஒரு வருடம் வைத்திருந்து விலை ஏறும்போது விற்கலாம். பன்றியை அப்படி வைத்திருக்க முடியாது. தாய்ப்பன்றியின் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று பண்ணைக்காரர்கள் வாய்ப்பாடாகச் சொல்வார்கள். 2019 டிசம்பர் நடுவில், வூஹான் என்ற பெயரையே யாரும் கேள்விப்படாத நேரத்தில் சினைக்கு விட்ட பன்றி, 2020 ஏப்ரல் தொடக்கத்தில் குட்டி போட்டது. குட்டி மூன்று வாரத்தில் பால் மறக்கும். பிறகு வளர்ப்புக் கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே இடம் வேண்டுமானால், ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் பன்றிகள் லாரி ஏறியாக வேண்டும்.

ஆறு மாதத்தில் பன்றி 280 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 127 கிலோ எடைக்கு வந்துவிடும். அதற்கு மேலும் நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறிக்கொண்டே போகும். ஆலையின் கொக்கிகளும் வெட்டுமேடைகளும் ஓர் அளவுக்குத்தான் செய்யப்பட்டவை. மிகவும் பெருத்த பன்றியை அங்கே வாங்க மாட்டார்கள்.

வாசல் அடைபட்டதும் பண்ணைக்காரர்கள் செய்தது எனக்கு இன்னும் மனதை உறுத்தும் விஷயம். தீவனத்தில் புரதத்தைக் குறைத்தார்கள், நார்ப்பொருளைக் கூட்டினார்கள், கொட்டகையின் வெப்பத்தை ஏற்றினார்கள். வெக்கையில் பன்றி குறைவாகத் தின்னும், எடை ஏறுவது மட்டுப்படும். வாழ்நாள் முழுவதும் பன்றியை வேகமாக வளர்ப்பதையே தொழிலாகக் கற்றவர்கள், வளர்ச்சியைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அதில் கிடைத்தது சில வாரங்கள்தான்.

ஏப்ரல் 29 அன்று, பிரதிநிதிகள் சபையின் வேளாண் குழுத் தலைவராக இருந்த காலின் பீட்டர்சன் வொர்திங்டனுக்கு வந்தார். ஆலை ஓரளவு திறக்கப்பட்டது, இறைச்சிக்காக அல்ல. பத்து இருபது பணியாளர்களைக் கொண்டு, நாளொன்றுக்கு 13,000 பன்றிகள் வரை கொன்று அப்புறப்படுத்துவதற்காக. கவுண்டியிலேயே உடல்களை மக்க வைக்கும் இடம் ஒன்று ஏற்பாடானது. மரம் அரைக்கும் எந்திரத்தில் உடல்களைப் போட்டு, மரச்சீவலோடு கலந்து, நீண்ட வரப்புகள் போலக் குவித்தார்கள். சரியாகக் குவித்தால் உள்ளே 55 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறும், சில மாதங்களில் மண்ணாகிவிடும். மே மாத நடுவுக்குள் மினசோட்டாவில் பண்ணைகளிலேயே கொல்லப்பட்ட பன்றிகள் 90,000 என்று ஒரு மதிப்பீடு வந்தது. கடைகளில் பன்றி இறைச்சி விலை ஏறிக்கொண்டிருந்த வாரங்கள் அவை.

பணம் வந்த விதம்

2020 மார்ச் 27 அன்று கொரோனா நிவாரணத்துக்கான கேர்ஸ் சட்டம் கையெழுத்தானது. அதில் வேளாண்மைக்கு நேரடியாக 950 கோடி டாலர் இருந்தது. ஏப்ரல் 17 அன்று வேளாண் துறைச் செயலர் சன்னி பெர்டியூ கொரோனா உணவு உதவித் திட்டத்தை அறிவித்தார். மொத்தம் 1,900 கோடி. அதில் 1,600 கோடி விவசாயிகளின் கைக்கு நேரடியாக, 300 கோடி உணவுப் பொருள் கொள்முதலுக்கு. மே 26 அன்று விண்ணப்பம் திறந்தது. அறிவித்ததிலிருந்து நாற்பது நாளுக்குள் நாடு முழுவதும் ஒரு புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது என்பது சின்ன விஷயம் அல்ல. வேளாண் துறையின் கிளையான பண்ணைச் சேவை முகமைக்குக் கவுண்டி தோறும் அலுவலகம் இருந்ததால்தான் இது முடிந்தது. கதவு மூடியிருந்தது, நேரில் யாரையும் விடவில்லை. தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் வேலை நடந்தது.

படிவத்தின் பெயர் ஏடி-3114. விவசாயி தன் எண்ணிக்கையைத் தானே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். ஆவணத்தை அப்போதே காட்ட வேண்டியதில்லை. மூன்று ஆண்டு பத்திரமாக வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும்.

இப்போது வீதங்களுக்கு வருவோம். முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. 2020 ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற பன்றி 120 பவுண்டுக்கு மேல் என்றால் தலைக்கு 18 டாலர். அதற்குக் குறைந்த எடை என்றால் 28 டாலர். ஏப்ரல் 16 முதல் மே 14 வரை ஏதாவது ஒரு நாளில் கொட்டகையில் இருந்த அதிகபட்ச எண்ணிக்கைக்குத் தலைக்கு 17 டாலர். அந்த நாளை விவசாயியே தேர்ந்துகொள்ளலாம்.

ஒரு கற்பனைப் பண்ணையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சொந்தப் பன்றிகளை வளர்க்கும் குடும்பம். முதல் காலகட்டத்தில் 3,000 பெரிய பன்றிகளை விற்றது. அதற்கு 54,000 டாலர். இரண்டாவது காலகட்டத்தில் கொட்டகையில் அதிகபட்சம் 5,000 உருப்படிகள். அதற்கு 85,000. கூட்டினால் 1,39,000 டாலர். முதலில் 80 சதவீதம், அதாவது 1,11,200 டாலர் வந்திருக்கும். மீதியைப் பணம் தீர்ந்துவிடாமல் இருக்க நிறுத்தி வைத்து, ஆகஸ்டில் கொடுத்தார்கள்.

இந்தக் கணக்கை இன்னும் நெருங்கிப் பாருங்கள். ஜனவரி 20 அன்று, சந்தை வழக்கம்போல் நடந்துகொண்டிருந்த நாளில், விலை பெற்று லாரி ஏறிய பன்றிக்கு 18 டாலர். ஏப்ரல் கடைசியில் வாசல் அடைபட்டு, கொல்லப்பட்டு, மரச்சீவலோடு அரைபட்ட பன்றிக்கு 17 டாலர். பக்கத்துப் பண்ணையில் தப்பிப் பிழைத்து ஜூனில் விற்கப்பட்ட பன்றிக்கும் அதே 17 டாலர். படிவத்தில் தலையை எண்ண இடம் இருந்தது. அந்தத் தலைக்கு என்ன நேர்ந்தது என்று எழுத இடம் இல்லை.

மே மாதத்தில் இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதைக் கடன், தீவன பாக்கி, வங்கித் தவணை என்று நெருக்கிய நேரத்தில் துல்லியத்தைவிட வேகம் பெரிது. ஆனால் செப்டம்பரில் இரண்டாம் சுற்று வந்தது. 17ஆம் தேதி விஸ்கான்சினின் மோசினியில் நடந்த பிரசாரக் கூட்டத்தில் அதிபர் டிரம்ப் அதை அறிவித்தார். அதற்குள் எந்த ஆலை எத்தனை நாள் மூடியிருந்தது, எங்கே பன்றிகள் கொல்லப்பட்டன என்பதெல்லாம் துறைக்குத் தெரியும். அப்படியிருந்தும் இரண்டாம் சுற்றிலும் தலைக்கணக்குதான்: ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 31 வரை அதிகபட்ச இருப்புக்கு, தலைக்கு 23 டாலர். நம் கற்பனைப் பண்ணைக்கு இன்னொரு 1,15,000. ஐந்து மாதம் கையில் இருந்தும் கேள்வியை மாற்றாததுதான் தவறு.

உச்சவரம்பு ஒருவருக்கு 2,50,000 டாலர். மூன்று பங்குதாரர்கள் தலா 400 மணி நேரம் உழைக்கும் நிறுவனம் என்றால் 7,50,000. முதலில் ஒரு விளைபொருளுக்கு 1,25,000 என்ற உள்வரம்பும் பேச்சில் இருந்தது. இறுதி விதியில் அதை எடுத்துவிட்டார்கள். பன்றி ஒன்றையே நம்பிய பண்ணைக்கு அது நியாயமான மாற்றம்.

கொட்டகை இருந்தும் பன்றி இல்லாதவர்கள்

நோபிள்ஸ் போன்ற இடங்களில் சாலையோரம் தெரியும் கொட்டகை ஒருவருடையதாகவும் உள்ளே இருக்கும் பன்றி இன்னொருவருடையதாகவும் இருப்பது சகஜம். குட்டி, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் தரும். கொட்டகையும் உழைப்பும் பண்ணைக்காரர் தருவார். அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கொட்டகை கட்ட வங்கியில் வாங்கிய கடன் பண்ணைக்காரர் பெயரில் இருக்கும். கொட்டகை நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் தவணை நாள் மாறாது. சில ஒப்பந்தங்கள் இடத்துக்கு வாடகை போல மாதாமாதம் பணம் கொடுக்கும். அவர்கள் ஓரளவு தப்பினார்கள். மற்ற ஒப்பந்தங்களில் புதிய குட்டி வருவது தள்ளிப்போனால் கூலியும் தள்ளிப்போகும், அல்லது அந்தச் சுற்றே போய்விடும்.

ஏடி-3114 கேட்ட முதல் விஷயம், விலை இறங்கினால் நஷ்டம் யாருடையது என்பது. பன்றிக்குச் சொந்தக்காரர் நிறுவனம். ஆகவே வளர்த்தவருக்கு முதல் சுற்றில் ஒன்றும் இல்லை, இரண்டாவதிலும் ஒன்றும் இல்லை. அதிகாலையில் கொட்டகைக்குள் நடந்து செத்த குட்டியைப் பொறுக்கியவர், விசிறி பழுதானால் நடுராத்திரியில் ஓடியவர், அரசின் ஏட்டில் அந்தப் பன்றிகளோடு சம்பந்தமே இல்லாதவர் ஆகிவிட்டார். சொத்துரிமைச் சட்டப்படி அது சரியாக இருக்கலாம். நிவாரணம் என்ற சொல்லுக்கு அது சரியில்லை.

2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான ஒதுக்கீட்டுச் சட்டம்தான் இவர்களுக்கு வழி திறந்தது. அதற்கான விதிமுறை 2021 ஆகஸ்டில் வந்தது. 2020இல் வருமானம் குறைந்த ஒப்பந்த வளர்ப்பாளருக்கு, 2018 அல்லது 2019 வருமானத்தோடு ஒப்பிட்டு, இழப்பில் 80 சதவீதம் வரை. இதற்கு 100 கோடி டாலர் வைத்தார்கள். விண்ணப்பக் கடைசி நாள் 2021 அக்டோபர் 12. ஆலை மூடி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

இந்த முறை படிவம் தலையை எண்ணவில்லை, வருமானத்தைக் கேட்டது. எது இழப்பு என்று சரியாகக் கேட்ட முதல் படிவம் அதுதான் என்பேன்.

2021: சரியான கேள்விகள், தாமதமாக

ஆட்சி மாறி, 2021 மார்ச் 24 அன்று புதிய நிர்வாகம் தன் திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று மக்காச்சோளம், சோயா போன்ற பயிர்களுக்கு ஏக்கருக்கு 20 டாலர் கூடுதல். ஏற்கெனவே இரண்டாம் சுற்றில் பதிந்தவர்களுக்கு மறுபடி விண்ணப்பம்கூட வேண்டாம், தானாகவே கணக்கில் ஏறும். ஆயிரம் ஏக்கர்காரருக்கு 20,000 டாலர். 2020 ஆகஸ்டில் புஷல் (சுமார் 25 கிலோ) மூன்று டாலர் சொச்சத்தில் கிடந்த மக்காச்சோளம் அப்போது ஐந்து டாலரைத் தாண்டியிருந்தது. அந்த வசந்தத்தில் நோபிள்ஸ் கவுண்டியில் மக்காச்சோளம் வைத்திருந்தவருக்கு நிவாரணம் தேவைப்பட்டது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது, அதன்படி கொடுத்தார்கள். பதிவேட்டில் ஏக்கர் கணக்கு ஏற்கெனவே இருந்ததால் கொடுப்பது எளிதாகவும் இருந்தது.

கொல்லப்பட்ட பன்றிக்கான தனித் திட்டம் ஜூலையில் வந்தது. ஆலைகளில் இடம் கிடைக்காததால் 2020 மார்ச் 1 முதல் டிசம்பர் 26 வரை கொல்லப்பட்ட பன்றி, கோழி, வான்கோழிகளுக்குச் சந்தை மதிப்பிலும் கொன்று அப்புறப்படுத்திய செலவிலும் 80 சதவீதம். அதே பன்றிகளுக்கு முன்பு வாங்கிய தலைக்கணக்குப் பணம் இதில் கழிக்கப்படும். 17, 23 என்ற எண்கள் இங்கே வந்து நேர் செய்யப்பட்டன. ஆனால் இதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. எத்தனை பன்றி, எந்த எடை, எந்தத் தேதி என்பதற்கெல்லாம் காகிதம் வேண்டும். 2020 ஏப்ரல் கடைசி வாரத்தில் குறிப்பேட்டில் ஒழுங்காக எழுதி வைக்கும் மனநிலையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

நிறுவன ஒப்பந்தமும் இல்லாமல், அன்றாடச் சந்தை விலைக்கு விற்கும் சிறு பண்ணைக்காரர்கள் இன்னொரு ரகம். ஆலைகள் பாதி வேகத்தில் ஓடியபோது ஒப்பந்தப் பன்றிகளைத்தான் முதலில் எடுத்தன. இவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள், கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். இவர்களுக்கான திட்டம் 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது: 2020 ஏப்ரல் 16 முதல் செப்டம்பர் 1 வரை விற்றதற்கு, தலைக்கு 54 டாலர், அதிகபட்சம் 10,000 தலை. ஒதுக்கீடு 5 கோடி டாலர். முதல் சுற்றின் 17 டாலரோடு இந்த 54 டாலரை வைத்துப் பார்த்தால், முதலில் போட்ட கணக்கு எவ்வளவு மேலோட்டமானது என்று தெரியும்.

காகிதமும் கையும்

பண்ணைச் சேவை முகமையோடு ஏற்கெனவே பழக்கம் உள்ளவருக்கு வேலை சுலபம். 2018, 2019 ஆண்டுகளில் சீனாவுடனான வணிகப் போருக்கான ஈட்டுத்தொகை இதே அலுவலகம் வழியாகத்தான் வந்தது. பன்றிக்கு முதல் ஆண்டு 8 டாலர், அடுத்த ஆண்டு 11 டாலர். அவர்களுடைய வங்கிக் கணக்கு, நில விவரம், வருமானச் சான்று எல்லாம் கோப்பில் இருந்தன. புதியவருக்கோ ஏடி-2047, சிசிசி-901, சிசிசி-902, சிசிசி-941, எஸ்எஃப்-3881 என்று படிவங்கள் அடுக்கடுக்காக. நாலு தலைமுறையாக அந்த மண்ணில் இருக்கும் குடும்பத்துக்கு அலுவலக ஊழியரைப் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை உண்டு. மூன்று வருடத்துக்கு முன் காய்கறி போடத் தொடங்கிய புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு, மூடிய கதவும் ஆங்கிலத் தொலைபேசியும்தான்.

சரிபார்ப்பும் ஒரே சீராக இல்லை. இந்த உணவு உதவித் திட்டத்தின் மொத்தச் செலவு கடைசியில் சுமார் 3,100 கோடி டாலரை எட்டியது. 2022 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், தன்சான்றை நம்பிக் கொடுத்த தொகைகளை இன்னும் கடுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்று வேளாண் துறைக்குப் பரிந்துரைத்தது. பின்னால் வந்த, இழப்பைச் சரியாக அளந்த சிறு திட்டங்கள் முன்கூட்டியே காகிதம் கேட்டன. முதலில் வந்த, மேலோட்டமாக அளந்த பெரிய திட்டம் கையெழுத்தோடு விட்டுவிட்டது. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

கடைசியாக ஆலைத் தொழிலாளர்கள். பன்றிகளுக்கு வாசல் அடைபட்டதே இவர்கள் நோயுற்றதால்தான். 2020 மே மாதத்தில் நோபிள்ஸ் கவுண்டியின் தொற்று எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது, 22,000 பேர் உள்ள இடத்தில். மே 6 அன்று ஆலை மறுபடி இறைச்சிக்காக ஓடத் தொடங்கியது. தோளோடு தோள் உரசி வெட்டிய மேடைகளுக்கு நடுவே தடுப்புகள் வைத்து, அதே ஆட்கள் திரும்பிப் போனார்கள். அவர்கள் போனதால்தான் மீதிப் பன்றிகள் மரச்சீவலுக்குப் போகாமல் தப்பின. அந்தத் தலைகளை எண்ணித்தான் உரிமையாளர்கள் படிவம் நிரப்பினார்கள்.

இவர்களுக்கான நிவாரணம் 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. பண்ணை, இறைச்சித் தொழிலாளர்களுக்கு ஆளுக்கு ஒரே ஒரு முறை 600 டாலர். மொத்தம் 66.5 கோடி. கவுண்டி அலுவலகம் வழியாக அல்ல, தொண்டு அமைப்புகள் வழியாக. அந்த அமைப்புகளுக்குப் பணம் 2022 கடைசியில்தான் ஒதுக்கப்பட்டது. பன்றிக்கான படிவம் 2020 மே 26 அன்று திறந்தது. அதை அறுத்தவர்களுக்கான படிவம் பரவலாகக் கைக்கு வந்தது 2023இல்.